நான் கற்பூரம் காட்டிய ஜப்பான் பாட்டு

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் துறையூர் போயிருக்கிறேன், கரூர் போயிருக்கிறேன். கடல் தாண்டிப் போனது இதுதான் முதல் தடவை. முசிறியில் மாவு மில் வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாம் வகுப்பு. சனிக்கிழமை தவறாமல் பெருமாள் கோயில் பஜனையில் பாடுவேன். இதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மாப்பிள்ளை மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துச் சிம்பாங் ரெங்கத்தில் இருக்கிறார். பெயர் குமரேசன், வயது முப்பத்திரண்டு. ஜப்பான்காரர்கள் நடத்தும் தொழிற்சாலையில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. என் மனைவியின் சித்தி மகள் மீனாட்சி அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டு இருபது வருஷம் ஆகிறது. அவள் கொண்டுவந்த சம்பந்தம் இது. ஜாதகம் பொருந்திவிட்டது. பெண்ணும் பையனும் போனில் பேசிக்கொள்ளலாம் என்று நாங்களே சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. நான் புறப்படும்போது என் மகள் தேவகி, "நேர்ல பாத்துட்டு வாங்கப்பா. நீங்க சொன்னா சரி" என்றாள்.

நீங்கள் சொன்னால் சரி என்பது சின்ன வார்த்தை. விமானத்தில் அதுதான் என் மடியில் உட்கார்ந்திருந்தது. கரூரில் கட்டிக் கொடுத்தால் ஒரு கஷ்டம் என்றதும் பஸ் ஏறிப் போய்விடலாம். இங்கே அப்படி முடியாது. நான்கு நாளில் பார்த்து, ஐந்தாம் நாள் பதில் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

ஜொகூர் பாருவில் ஏறிய பஸ் சிம்பாங் ரெங்கத்தில் நிற்கும் என்றுதான் டிக்கெட் கொடுத்தவர் சொன்னார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து நாம ஜெபம் செய்துகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் எண்ணெய்ப் பனை. ஒரு மரம் பார்த்தால் எல்லா மரமும் பார்த்த மாதிரி. காவேரிக்கரை வாழைத்தோட்டம் கூட நடுவில் ஒரு கிணறு, ஒரு மோட்டார் ரூம் என்று மாறும். இது மாறவே இல்லை. கண் அயர்ந்துவிட்டேன். விழித்தபோது பஸ் ஒரு பெரிய சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றது. எல்லாரும் இறங்கி மீன் பந்து வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். அது யோங் பெங். நான் இறங்க வேண்டிய ஊரைத் தாண்டி அரை மணி நேரம் வந்துவிட்டேனாம். டிரைவர் என் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மலாயில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற தமிழ்ப்பிள்ளை ஒருத்தி சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்: "சாமி கும்பிட்டுட்டு இருந்தீங்களாம் அங்கிள். அதான் எழுப்ப அவருக்குப் பயமா இருந்துச்சாம்."

மீனாட்சிக்குப் போன் செய்தேன். அவள் புருஷன் சிங்கப்பூரில் வேலை, வாரத்துக்கு ஒரு தடவைதான் வருவார். அதனால் அவள் குமரேசனையே அனுப்பிவிட்டாள். மாப்பிள்ளையை நான் முதன்முதலில் பார்த்தது இப்படித்தான். வழி தவறிப்போன ஆடு மாதிரி நான் பெட்டி மேல் உட்கார்ந்திருக்க, அவர் வேலை உடுப்போடு ஓடி வந்தார். சிவப்பான பையன். கூச்சம் அதிகம். என் பெட்டியை நான் தொடுவதற்குள் தூக்கிவிட்டார்.

காரை எடுத்ததும் பாட்டு தானாக ஆரம்பித்தது. ஓர் ஆண் குரல். என்ன மொழி என்று தெரியவில்லை. ஆனால் அந்தக் குரல் இழுத்து, நடுங்கி, ஓர் இடத்தில் உடையும் போல் ஆகி, உடையாமல் தன்னைப் பிடித்துக்கொண்டது. பஜனையில் முப்பது வருஷமாகப் பாடுகிறவன் நான். அந்த இடத்தில் மனசு எப்படி இருந்தால் தொண்டை அப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். குமரேசன் அவசரமாகக் கையை நீட்டி நிறுத்தப் போனார்.

"இருக்கட்டும் தம்பி. என்ன பாட்டு இது?"

"ஜப்பான் பாட்டு அங்கிள்."

"சாமி பாட்டா?"

அவர் சாலையைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். என் நெற்றி நாமத்தைப் பார்த்தார்.

"ஆமா அங்கிள். அந்த மாதிரிதான்."

எனக்கு ஒரே சந்தோஷம். புத்தர் பாட்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வேற்று மதத்துப் பாட்டானாலும் பக்தி பக்திதானே. காரில் தனியாகப் போகும்போது இப்படிப் பாட்டுக் கேட்கிற பையன் கெட்டுப்போக வழியில்லை. பாதிப் பதில் அன்றைக்கே என் மனசில் தயாராகிவிட்டது.

மறுநாள் காலை மீனாட்சி கடைத்தெருவுக்கு அழைத்துப் போனாள். நான் முட்டை, மீன் எதுவும் தொடாதவன். இந்த ஊரில் அப்படி ஒருவன் சாப்பிடுவது பெரிய பாடு. கீரை என்று தட்டில் வைப்பார்கள், அதற்குள் நெத்திலி ஒளிந்திருக்கும். சம்பல் என்பார்கள், அதில் இறால் அரைத்திருக்கும். கடைசியில் ஒரு சீனர் காப்பிக் கடையில் எனக்கு மோட்சம் கிடைத்தது. சுட்ட ரொட்டியில் பச்சை நிறத்தில், தேங்காய்ப்பால் வாசனையோடு ஓர் இனிப்புப் பசை தடவிக் கொடுத்தார்கள். பெயர் காயா. நான்கு துண்டு சாப்பிட்டேன். அடுத்த நாளும் அதற்காகவே போனேன்.

அன்று மாலை வெள்ளிக்கிழமை. குமரேசன் வீட்டில் பூஜை. அவர் அப்பா முத்தையா பனைக்குலை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அப்பாவும் பிள்ளையும் மட்டும் இருக்கிற வீடு, ஆனால் சாமி அறை பளிச்சென்று இருந்தது. விளக்குத் திரியைக் குமரேசனே திரித்துப் போட்டார். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போனால் பெண்ணை ஒரு பாட்டுப் பாடச் சொல்வார்கள். தேவகியை இரண்டு தடவை அப்படிப் பாடச் சொல்லி, பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. பெண்ணைக் கேட்கலாம் என்றால் பையனைக் கேட்டால் என்ன? பூஜை முடிகிற நேரத்தில் கேட்டுவிட்டேன்.

"தம்பி, நேத்து கார்ல கேட்டோமே அந்த சாமி பாட்டு. அதை அம்பாள் முன்னாடி பாடுங்களேன்."

 மீனாட்சி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். முத்தையா கூரையைப் பார்த்தார். குமரேசன் முகம் வெளுத்துவிட்டது.

"அது வேணாம் அங்கிள். எனக்குச் சரியா வராது."

"அம்பாள் சுருதியா பாக்கப் போறா? பாடுங்க."

"பாடுலா," என்றார் முத்தையா அந்த ஊர் இழுவையில். அவர் குரலில் ஏதோ இருந்தது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

குமரேசன் பாடினார். கண்ணை மூடிக்கொண்டு, கையைத் தொடையில் ஒட்டி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி நின்று பாடினார். காரில் கேட்டதைவிட நன்றாக இருந்தது. அந்த உடைகிற இடம் வந்தபோது என் கண் நிறைந்துவிட்டது. பெருமாளே, பாஷை தெரியாத இடத்திலும் உன்னைக் கூப்பிடுகிற குரல் இருக்கிறதே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எழுந்து கற்பூரத் தட்டை எடுத்து ஏற்றி, அம்பாளுக்கும் காட்டி, பாடி முடித்த குமரேசனுக்கு முன்னாலும் நீட்டினேன். அவர் என்னைப் பார்க்காமல் ஒற்றிக்கொண்டார். எல்லாரும் ஒற்றிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் காலை சாயம் வெளுத்துவிட்டது.

காப்பிக் கடை. காயா ரொட்டி. கடைக்காரர் ஆ செங் என்ற சீனக் கிழவர், குமரேசன் வேலை செய்யும் அதே தொழிற்சாலையில் முன்பு ஃபோர்மேனாக இருந்தவராம். அவர் கல்லாவில் உட்கார்ந்து எதையோ முனகிக்கொண்டிருந்தார். அதே பாட்டு! நான் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"மீனாட்சி, இவரும் பக்திமான் போல. நேத்து மாப்பிள்ளை பாடின சாமி பாட்டையே பாடறாரு. சொல்லு அவர்கிட்ட."

"விடுங்க அத்தான், சாப்பிடுங்க."

"சொல்லும்மா."

அவள் மலாயில் ஏதோ முணுமுணுத்தாள். கிழவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார்.

"என்ன சொல்றாரு?"

மீனாட்சி தலையைக் குனிந்துகொண்டாள். "சாமி இல்லையாம் அத்தான். ஒரு ஆம்பள, விட்டுட்டுப் போன பொம்பளைய நினைச்சு அழற பாட்டாம். ஜப்பான்காரங்க குடிச்சிட்டுப் பாடறதாம்."

"நேத்தே உனக்குத் தெரியுமா?"

"அலமாக், இந்தத் தெருவுக்கே தெரியும் அத்தான். அவன் குளிக்கிறப்ப அதைத்தான் பாடுவான்." பிறகு ஒரேயடியாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ, என் தட்டைக் காட்டினாள். "இன்னொன்னும் சொல்லிடறேன். அந்தக் காயாவுல முட்டை இருக்கு."

ஒரே காலையில் இரண்டு. எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன். முட்டைக்கு ஏகாதசி விரதத்தில் பரிகாரம் தேடிக்கொள்ளலாம். கற்பூரத்துக்கு என்ன செய்வது?

பாட்டின் அர்த்தத்தை வரி வரியாகக் கேட்கச் சொன்னேன். ஆ செங் இப்போது சிரிக்கவில்லை. சொல்லச் சொல்ல மீனாட்சி தமிழில் சொன்னாள். பாட்டு இப்படிப் போகிறது: அவள் போய்விட்டாள். போகும்போது குடையை மறந்து வைத்துவிட்டுப் போனாள். மழை விட்டு நாளாகிவிட்டது. குடை காய்ந்துவிட்டது, நான் இன்னும் காயவில்லை. நாளைக் காலை வேலைக்குப் போவேன். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானாம்."

பகல் முழுக்க மீனாட்சி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மழை பெய்தது. இங்கே மழை மணி பார்த்துப் பெய்கிறது, நம் ஊர் மாதிரி காக்க வைப்பதில்லை. என் மனசு மட்டும் ஒரு நிலைக்கு வரவில்லை.

எங்கள் பஜனையில் பாதிப் பாட்டுகள் எப்படி? பாடுகிறவன் மீசை வைத்த ஆள். ஆனால் பாட்டில் அவன் ஒரு பெண். பெருமாள் வரவில்லையே, தூக்கம் போச்சே, கைவளை கழன்று விழுகிறதே என்று உருகுவான். நானே உருகியிருக்கிறேன், கூச்சமில்லாமல், ஊர் நடுவில். சாமிக்காக அழலாம், அதுவும் பெண்ணாக மாறிக்கொண்டு அழலாம். ஆனால் ஓர் ஆண் ஆணாகவே இருந்து, ஒரு பெண்ணுக்காக, ஒரு குடையை வைத்துக்கொண்டு அழுவது? அதைக் கேட்டு நான் அழுதேனே, அந்தக் கண்ணீர் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? பெருமாளுக்கா, அந்தக் குடைக்கா? என் மனைவியோடு இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. அவளைப் பற்றி இரண்டு வரி பாடு என்றால் எனக்கு என்ன வரும்? மாவு சலிக்கிற சத்தம்தான் வரும்.

சரி, பாட்டைக்கூட விட்டுவிடலாம். முதல் நாள் முதல் பேச்சிலேயே பொய் சொன்னாரே. நாமத்தைப் பார்த்துவிட்டுச் சொன்ன பொய். அப்புறம், யார் அந்தப் பெண்? குடை யாருடையது? என் மகளை ஒரு குடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?

சாயங்காலம் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போக குமரேசன் வந்தார். நான் கேட்கப் போவதை மனசில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். காரில் பாட்டு இல்லை. பனைமரங்களுக்கு நடுவே போகும் செம்மண் பாதையில் திரும்பியதும் அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். எதிரே பனைக்குலை ஏற்றிய டிராக்டர் ஒன்று போகும்வரை காத்திருந்தார். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்.

"அங்கிள், அது சாமி பாட்டு இல்ல. லவ் பாட்டு. உங்கள பாத்ததும் பயந்து அப்படி சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

 கேட்க வைத்திருந்த முதல் கேள்வி கையிலேயே நின்றுவிட்டது.

"நேத்து நீங்க கற்பூரம் காட்னீங்கல்ல, ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமே வரல அங்கிள்."

"இந்தப் பாட்டெல்லாம் யாரு கத்துக்கொடுத்தா?"

"எங்க இன்ஜினியர். ஜப்பான்காரரு. வேலைல ஒரு வார்த்த கூடப் பேச மாட்டாரு, முகத்துல சிரிப்பே இருக்காது. வருஷத்துக்கு ரெண்டு தடவ கம்பெனி விருந்து நடக்கும். அப்ப மைக்க எடுப்பாரு. அவங்க வொய்ஃப் நினைச்சோ யார நினைச்சோ, கண்ல தண்ணி ஊத்தும். மறுநாள் காலைல வந்து மெஷின்ல ஏன் தூசின்னு திட்டுவாரு. அவங்க ஊரு ஆம்பளைங்க பேச மாட்டாங்க அங்கிள். பாடிடுவாங்க."

"நீங்க யாரை நினைச்சுப் பாடறீங்க?"

கேட்டுவிட்டேன். 

"ஒருத்தங்க இருந்தாங்க. எங்க லைன்லதான் வேலை செஞ்சாங்க. தமிழ்தான். நான் ஒரு வார்த்த கூட சொன்னதில்ல. அவங்க கல்யாணம் ஆகிப் போய் நாலு வருஷமாச்சு. அவங்களுக்குத் தெரியவே தெரியாது. தமிழ்ல பாடினா அப்பா யாரடான்னு கேப்பாரு, கூட்டாளிங்க கேலி பண்ணுவாங்க. இதுல யாரும் கேக்க மாட்டாங்க. இப்ப அவங்கள நினைச்சுப் பாடல அங்கிள், சத்தியமா. ஆனா பாட்டு விட மாட்டேங்குது. ஏன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல."

சொல்லத் தெரியவில்லை என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே என்று பயமாகவும் இருந்தது.

கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். முடிவு எடுக்க முடியாதபோது எங்கள் குடும்பத்தில் அதுதான் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் போட்டு, மனசில் கேள்வி கேட்டு, யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் ஆம், சிவப்பு வந்தால் இல்லை. குமரேசனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பூசாரியிடம் வெற்றிலை வாங்கி, நந்தியாவட்டையும் செம்பருத்தியும் மடித்துப் போட்டேன். 'தாயே, இந்த இடத்தில் பெண்ணைக் கொடுக்கலாமா?' என்று கேட்டேன். உடனே குடை நினைவுக்கு வந்தது. 'தாயே, இதை விட்டுவிடவா?' என்று மனசு கேட்டது. இல்லை இல்லை, முதல் கேள்விதான் என்று திருத்தினேன். அது பயந்தாங்கொள்ளிக் கேள்வி என்று மறுபடி மாற்றினேன். இதற்குள் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டிவிட்டாள்.

வெள்ளை.

ஆம். அதில் சந்தேகமில்லை. எதற்கு ஆம் என்பதுதான் தெரியவில்லை. அந்த நிமிஷத்தில் மனசில் எந்தக் கேள்வி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. ஒரே காரியத்துக்கு இரண்டு தடவை கேட்கக் கூடாது என்பதும் வழக்கம். பூசாரியிடம் சொன்னேன்.

"என்னங்கய்யா இது!" என்றார் அவர். "ஆத்தா கரெக்டா சொல்லிட்டா. நீங்கதான் கேள்வியத் தொலைச்சிட்டீங்க. இனிமே நீங்களாச்சு, உங்க பொண்ணாச்சு."

நான்காம் நாள் பக்கத்து ஊரான குளுவாங் வரை போனோம், ரயிலடியில் சாப்பிட்டோம், மார்க்கெட் பார்த்தோம். ஒன்றும் மனசில் ஏறவில்லை. ஏற்றுமதிக்கு அடுக்கியிருந்த பழங்களைப் பார்த்து மீனாட்சி ஏதோ விலை சொன்னாள். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

ஐந்தாம் நாள் காலை வண்டி வாசலில் நின்றது. முத்தையா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். பையன் வரவில்லை, வேலைக்குப் போய்விட்டாராம். "அவன் வந்தா நீங்க தாட்சண்யத்துக்கு சொல்லிடுவீங்களாம். அவனே சொன்னான்," என்றார் முத்தையா. "எதுவா இருந்தாலும் சொல்லுங்க. நான் லாரிக்காரன், குழிய முன்னாடியே பாத்துட்டா நல்லது."

ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வீட்டின் பின்பக்கம் போனேன். அங்கே துணி துவைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தேவகிக்குப் போன் செய்தேன். நம் ஊரில் அப்போது விடிந்துகொண்டிருக்கும்.

"தேவகி, அவர் ஒரு பாட்டுப் பாடினாரும்மா."

"தெரியும்பா."

"என்ன தெரியும்?"

"சாமி பாட்டுன்னு பொய் சொன்னது தெரியும். நீங்க கற்பூரம் காட்டினது தெரியும். அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணிட்டாரு. அழாத குறைதான்."

"அந்தப் பொண்ணைப் பத்தி?"

"அது போன மாசமே சொல்லிட்டாரு. ரெண்டு நாள் நான் பேசல. அப்புறம் பேசினேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "பழசு எனக்குப் பரவால்லப்பா. ஆனா உங்ககிட்ட பொய் சொன்னதுதான் ஆறல. பயம் வந்தா பொய் சொல்ற ஆளோட அவ்ளோ தூரம் போய் நான் என்ன பண்ணுவேன்? அதான் அவர்கிட்ட சொன்னேன். நீங்களா அப்பாகிட்ட போய் ஒத்துக்கணும். அவரா கண்டுபிடிச்சுக் கேட்டு, அப்புறம் ஒத்துக்கிட்டா வேணாம், இதோட விட்டுடலாம்னு. ஒத்துக்கிட்டேன்னு முந்தாநேத்து மெசேஜ் போட்டாரு. நான் உங்கள கேக்காம நம்பல."

துவைக்கிற மெஷின் சுற்றி நின்று மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

"அப்பா? நீங்க கேட்டதுக்கு அப்புறம் சொன்னாரா, முன்னாடியே சொன்னாரா?"

எனக்கு விளங்கிவிட்டது. அப்புறம்தான் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். முத்தையா வாழைப்பழத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். என் மகள் பஸ் போகிற தூரத்தில், பாட்டுப் பாடாத ஒருவனுக்கு வாழ்க்கைப்படுவாள். யாரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. ஆண்பிள்ளை அப்படி அழுவது சரியா தவறா என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை, இதை எழுதும்போதும் தெரியவில்லை. ஆனால் அந்தச் செம்மண் பாதையில் வண்டி நின்றபோது என் வாய் மூடித்தான் இருந்தது. அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

"முன்னாடியேதாம்மா," என்றேன்.

"நீங்க சொன்னா சரிப்பா," என்றாள்.  நான் போனைக் காதில் வைத்தபடியே கூடத்துக்கு நடந்தேன். முத்தையா எழுந்து நின்றார்.